தலையில் அடிபட்டவருக்கு இரண்டாவது ஸ்கேன் எப்போது தேவை?

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், தலையில் அடிபட்டவர்களின் மனு எப்போதும் சில இருக்கும். பெரும்பாலும் பைக்கில் போய் விழுந்த வாலிபர்கள். அடுத்தபடியாக வீட்டில் வழுக்கி விழுந்த பெரியவர்கள். மனுவோடு ஒரு ஸ்கேன் ஃபிலிம் இருக்கும், ஒரு பில் இருக்கும், "மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒரு வரி இருக்கும்.

அந்த ஒரு வரியைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நம் காதில் விழுகிறது. ஒரு தாய் கேட்பார்: "நேத்துத்தானே காக்கா எடுத்தாங்க, பெருசா ஒண்ணுமில்லைன்னும் சொன்னாங்க. நேத்து தெரியாதது இன்னைக்கு என்ன தெரியப் போவுது? காசு பறிக்கத்தான் சொல்றாங்களா?" இன்னொரு வீட்டில் வளைகுடாவில் இருக்கும் மச்சான் போனில் சொல்வார்: "செலவை நான் பார்த்துக்கிறேன், தினமும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க." முதல் வீட்டில் தேவையான ஸ்கேன் தள்ளிப்போகலாம். இரண்டாவது வீட்டில் தேவையில்லாத ஸ்கேன் எடுக்கப்படலாம். இரண்டுக்குமே காரணம், அந்த ஸ்கேன் எதற்காக என்பது யாருக்கும் சரியாகச் சொல்லப்படாததுதான்.

சுருக்கமான பதில் இது. இரண்டாவது ஸ்கேன் சிலருக்கு உயிரைக் காக்கும். பலருக்குச் சிகிச்சையில் ஒன்றையும் மாற்றாது. யாருக்குத் தேவை என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது நோயாளியின் நிலையில் வரும் மாற்றம். அந்த மாற்றத்தை முதலில் பார்க்கக்கூடியவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் நீங்கள். விரிவான பதில் கீழே.

ஸ்கேன் எதைக் காட்டுகிறது?

தலைக்காயத்துக்கு முதலில் எடுப்பது சி.டி. ஸ்கேன். எக்ஸ்-ரே கதிர்களைத் தலையைச் சுற்றிப் பல கோணங்களில் செலுத்தி, கணினியின் உதவியால் மூளையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோல் படமாக்கும் முறை இது. இங்கிலாந்துப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில், 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று அறிய, சந்தேகப்பட்ட இடத்தில் துளை போட்டுப் பார்க்கவும் வேண்டியிருந்தது.

சி.டி. படத்தில் புதிய ரத்தம் வெள்ளையாகத் தெரியும். எலும்பு முறிவு தெரியும். மூளை வீங்கியிருக்கிறதா, ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவசரத்துக்கு எம்.ஆர்.ஐ.யை விட இதையே டாக்டர்கள் விரும்புவது இந்த வேகத்துக்காகவும், ரத்தத்தையும் எலும்பையும் இது தெளிவாகக் காட்டுவதற்காகவும்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஸ்கேன் என்பது எடுத்த அந்த நிமிடத்தின் படம். இரவு பத்து மணிக்கு எடுத்த படத்துக்கு, விடியற்காலை நான்கு மணிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

அடிபட்ட பிறகும் உள்ளே நடப்பவை

கீழே விழுந்த நொடியில் ஏற்படும் காயம் ஒன்று. அதன்பின் மணிக்கணக்கில், நாள்கணக்கில் உள்ளே வளர்வது வேறு. இரண்டாவது ஸ்கேன் தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேல் உறைக்கும் நடுவே ரத்தம் கட்டுவது ஒரு வகை. காதுக்கு மேலே உள்ள எலும்பு உடைந்து, அதன் உட்புறமாக ஓடும் ரத்தக்குழாய் கிழிந்தால் இது ஏற்படும். இதில் உள்ள ஆபத்து என்னவென்றால், அடிபட்டவர் சிறிது நேரம் மயங்கிவிட்டு எழுந்து நன்றாகப் பேசுவார்; "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். ஒரு மணி நேரமோ, சில மணி நேரமோ கழித்துத் தலைவலி, வாந்தி, பிறகு மயக்கம் என்று சரிந்துவிடுவார். இங்கிலாந்து நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் 16 அன்று கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அறைக்குத் திரும்பினார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்துபோனார். அவர் மரணத்துக்குக் காரணம் இந்த வகை ரத்தக்கட்டு. விழுந்தது பெரிய மலை உச்சியிலிருந்து அல்ல, புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவில்.

மூளையிலேயே ஏற்படும் கன்றிப்போன காயம் இன்னொரு வகை. உடம்பில் அடிபட்ட இடம் அன்று லேசாகச் சிவந்து மறுநாள் கருநீலமாகப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். மூளையிலும் அதுபோல முதல் ஸ்கேனில் சிறு புள்ளியாக இருந்தது, மறுநாள் ஸ்கேனில் பெரிதாகத் தெரிவது உண்டு. இந்த வளர்ச்சி பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் சில மணி நேரங்களில் நடக்கும். ஆகவே விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன், முழுக் கதையையும் சொல்லாமல் போகலாம்.

மூன்றாவது, மூளை வீக்கம். இது உடனே வராது. இரண்டு, மூன்று நாளில் உச்சத்தை அடையும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே வீங்கினால் அழுத்தம் கூடி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையும்.

"நேற்று தெரியாதது இன்று என்ன தெரியும்?" என்ற தாயின் கேள்விக்கு இதுதான் விடை. நேற்று இல்லாதது இன்று இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்குமா?

தெளிவாக இருப்பவருக்கு

முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை. நோயாளி முழு நினைவோடு பேசுகிறார். கை கால் நன்றாக அசைகிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறவர் இல்லை. இவருக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு ஸ்கேன் எடுப்பதால் பொதுவாகப் பயன் இல்லை. கவனித்துப் பார்த்து, வீட்டுக்கு அனுப்பும்போது என்ன அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினால் போதும்.

முதல் ஸ்கேனில் சிறிய ரத்தக் கசிவு இருக்கிறது, ஆனால் நோயாளி தெளிவாக இருக்கிறார் என்றால்? இங்கேதான் டாக்டர்களுக்குள்ளேயே நெடுநாள் விவாதம் நடந்தது. ரத்தம் என்று படத்தில் தெரிந்தாலே ஆறு மணி நேரத்திலோ மறுநாளோ இன்னொரு ஸ்கேன் எடுப்பது பல மருத்துவமனைகளில் வழக்கம். அந்த வழக்கத்தைச் சிலர் சோதித்துப் பார்த்தார்கள். கனடாவின் ஹாமில்டன் நகர மருத்துவர்கள் 2013இல், தங்கள் நோயாளிகளோடு முந்தைய ஆய்வுகளில் இருந்தவர்களையும் சேர்த்து, லேசான தலைக்காயம் அடைந்த ஏறக்குறைய 2,700 பேரின் விவரத்தை ஆராய்ந்தார்கள். நோயாளியின் நிலையில் ஒரு மாற்றமும் இல்லாமல், இரண்டாவது ஸ்கேனை மட்டும் பார்த்துச் சிகிச்சை மாற்றப்பட்டவர்கள் நூறில் ஒருவருக்கும் குறைவு. சிகிச்சை மாறியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, நோயாளியின் நிலை மோசமானதே முதலில் எச்சரித்தது.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகர மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில் போகிறது. ரத்தக்கட்டின் பருமன் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு, எலும்பு முறிவு இல்லை, ரத்தத்தை இளக்கும் மருந்து இல்லை, நரம்புச் சோதனையில் குறை இல்லை என்றால் சுமார் ஆறு மணி நேரம் கவனித்தால் போதும். இரண்டாவது ஸ்கேன் வழக்கமாகத் தேவையில்லை என்கிறது அது. கட்டு 8 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவராக இருந்தாலோ மறு ஸ்கேனும் மூளை அறுவை நிபுணரின் பார்வையும் வேண்டும் என்கிறது.

இதற்கு "சிறிய கசிவுக்கு மறு ஸ்கேன் எடுக்கவே கூடாது" என்று பொருள் இல்லை. ஸ்கேன் எடுக்காமல் விட வேண்டுமானால், அதற்கு ஈடாக ஒருவர் கண்விழித்துக் கவனிக்க வேண்டும். இரவில் ஒரு நர்ஸ் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் வார்டில் அந்தக் கவனிப்புக் கிடைக்காதபோது, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்வது நியாயமாகவும் இருக்கலாம்.

மாற்றம் வந்தால் உடனே

நோயாளியின் நிலை இறங்கினால் மறு ஸ்கேன் பற்றி விவாதமே கிடையாது. அது அந்த மணி நேரத்திலேயே எடுக்கப்பட வேண்டியது. செலவு, கையெழுத்து, "மாமா வரட்டும்" என்று காத்திருப்பது எல்லாம் இங்கே உயிரோடு விளையாடுவதாகிவிடும்.

நிலை இறங்கியதா என்பதை டாக்டர்கள் ஒரு மதிப்பெண் வைத்து அளக்கிறார்கள். கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்று அதற்குப் பெயர். 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என்று மொத்தம் 15. முழுத் தெளிவுள்ளவருக்கு 15. எதற்கும் அசையாதவருக்கு 3. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழ் கடுமையானது.

கேஸ் ஷீட்டில் "ஜி.சி.எஸ். 15" என்று எழுதியிருப்பது இதைத்தான். இந்த எண் தனியாக நின்று சொல்வதைவிட, வரிசையாக வைத்துப் பார்க்கும்போது அதிகம் சொல்லும். காலையில் 15, மதியம் 15, இரவு 13 என்றால், படத்தில் கசிவு எவ்வளவு சின்னதாக இருந்திருந்தாலும் ஆபத்து மணி அடித்துவிட்டது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், ஸ்கேனுக்குப் பிறகு அட்மிட் ஆனவர் முழுத் தெளிவுக்கு வரும்வரை அரை மணிக்கு ஒருமுறையும், வந்தபின் முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறையும், அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொல்கிறது. முதல் ஸ்கேன் நன்றாக இருந்தும் 24 மணி நேரத்தில் முழுத் தெளிவுக்குத் திரும்பாதவருக்கு இன்னொரு ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுப்பது பற்றி யோசிக்கவும் சொல்கிறது.

கட்டிலருகே இருப்பவர் கவனிக்க வேண்டியவை

எண் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை. பின்வருவனவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் உடனே நர்ஸையோ டியூட்டி டாக்டரையோ கூப்பிடுங்கள்.

• எழுப்பினால் எழவில்லை, அல்லது எழுந்தும் உடனே சரிந்து தூங்கிவிடுகிறார்.
• முன்பு சரியாகப் பேசியவர் இப்போது உளறுகிறார், ஆளை மாற்றிச் சொல்கிறார், பேச்சுக் குழறுகிறது.
• தலைவலி கூடிக்கொண்டே போகிறது.
• மறுபடி மறுபடி வாந்தி எடுக்கிறார்.
• வலிப்பு வந்தது.
• ஒரு பக்கக் கையோ காலோ பலம் குறைந்து தெரிகிறது.
• ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறது.
• காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர்போல வடிகிறது.
• காரணமில்லாமல் முரட்டுத்தனம், கட்டிலில் புரளுதல், ட்யூபைப் பிடுங்குதல்.

இதில் முதலாவதுதான் அதிகம் ஏமாற்றுவது. "ராத்திரி பூரா வலியில் தவித்தான், இப்போதாவது தூங்கட்டும்" என்று பாசத்தோடு விட்டுவிடுவோம். தலையில் அடிபட்டவர் தூங்கக் கூடாது என்பது இல்லை. தூங்கலாம். ஆனால் டாக்டர் சொன்ன இடைவெளியில் எழுப்பி, பெயர் என்ன, எங்கே இருக்கிறோம், இவர் யார் என்று கேட்க வேண்டும். சரியாகப் பதில் சொல்லிவிட்டுத் தூங்கினால் அது தூக்கம். பதில் வரவில்லை என்றால் அது மயக்கமாக இருக்கலாம்.

கடைசியில் உள்ள முரட்டுத்தனத்தையும் வலியால் வந்த கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். துணைக்கு இருப்பவர் மாறும்போது, பார்த்ததை அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "எட்டு மணிக்கு எழுப்பினேன், உம்மாவை அடையாளம் தெரிந்தது, ஒரு தடவை வாந்தி" என்று ஒரு தாளில் நேரம் போட்டு எழுதி வைத்தால் இன்னும் நல்லது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கு அந்தத் தாள் மிகவும் உதவும்.

வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு ஏன் பலமுறை?

ஐ.சி.யூ.வில் வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு இரண்டு மூன்று முறை ஸ்கேன் எடுத்தார்கள் என்று குடும்பத்தார் வருந்துவது உண்டு. அவர் நிலை வேறு. மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருப்பவரை எழுப்பிப் பெயர் கேட்க முடியாது. அவர் நிலை இறங்குகிறதா என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ளும் வழி மிகவும் குறைவு. ஆகவே கடுமையான காயம் அடைந்தவருக்கு, அறிகுறி தெரியும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் மறு ஸ்கேன் எடுப்பது பொருத்தமானது.

மண்டைக்குள் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி அழுத்தத்தைத் தொடர்ந்து அளக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு. எல்லா இடத்திலும் இல்லை. பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் 324 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2012இல் வெளியானது. அழுத்தக் கருவியை வைத்துச் சிகிச்சை பெற்றவர்களையும், ஸ்கேனும் உடல் சோதனையும் மட்டும் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களையும் அது ஒப்பிட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பின் முடிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்தக் கருவி இல்லாத மருத்துவமனையில் நம் பிள்ளை இருக்கிறான் என்றால், கவனமான சோதனையும் மறு ஸ்கேனும் அங்கே பெரும் துணை.

ஆனாலும் வெண்டிலேட்டர் நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவது லேசான காரியமல்ல. வழியில் ரத்த அழுத்தம் இறங்கலாம், ட்யூப் நகரலாம், மூளை அழுத்தம் கூடலாம். "தினமும் எடுங்கள்" என்று நாம் வற்புறுத்துவது இந்த ஆபத்தையும் சேர்த்துக் கேட்பதாகும்.

பெரியவர்களின் விஷயம் தனி

வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருக்கும். அதனால் மூளையின் மேற்பரப்பிலிருந்து உறைக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்ட நிலையில் இருக்கும். ஒளுச் செய்யும் இடத்திலோ குளியலறையிலோ வழுக்கி லேசாகத் தலை இடித்தாலும் அவை கிழிந்து, சொட்டுச் சொட்டாகக் கசியும். வலி பெரிதாக இருக்காது. அன்று எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கும் மேல் கழித்துத்தான் தள்ளாட்டம், மறதி, பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கப் பலவீனம் என்று வெளிப்படும். "வாப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்று நாம் விட்டுவிடுவோம்.

இங்கே மறு ஸ்கேன் மிகவும் பயனுள்ளது. ஏனென்றால் இது பெரும்பாலும் குணமாக்கக்கூடிய நோய். மண்டை ஓட்டில் சிறு துளை போட்டுப் பழைய ரத்தத்தை வெளியேற்றினால், படுத்த படுக்கையாகப் போனவர் எழுந்து நடப்பதும் உண்டு. ஒரு பெரியவர் சில வாரங்களுக்குள் திடீரென மாறிவிட்டார் என்றால், கடந்த இரண்டு மூன்று மாதத்தில் எங்காவது விழுந்தாரா என்று யோசித்து, அதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். சில சமயம் அவருக்கே அது நினைவிருக்காது.

இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்காகவோ ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இவர்களுக்குக் கசிவு எளிதில் நிற்காது. முதல் ஸ்கேன் நன்றாக இருந்தும் பின்னர் ரத்தம் கசிவது பெரும்பாலோருக்கு நடப்பதில்லை. ஆனாலும் மற்றவர்களைவிட இவர்களைக் கூடுதலாகக் கவனிப்பது அவசியம். மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டையையே எடுத்துப் போங்கள். "ஏதோ ஹார்ட் மாத்திரை" என்று சொன்னால் போதாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

குழந்தைகளும் கதிர்வீச்சும்

ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. ஒரு தலை சி.டி. ஸ்கேனில் பெரியவர் ஒருவர் பெறுவது சுமார் 2 மில்லி சீவெர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதர் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு சுமார் 2.4. தேவையான ஸ்கேனைப் பயந்து மறுக்கும் அளவுக்கு இது பெரிதல்ல.

குழந்தைகளுக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவர்களுடைய வளரும் செல்கள் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும். அதன் விளைவு வெளிப்பட வாழ்நாளும் நீண்டு கிடக்கிறது. பிரிட்டனில் நடந்து 2012இல் வெளியான ஆய்வின் கணிப்புப்படி, பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எடுக்கும் 10,000 தலை ஸ்கேன்களில், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம். ஆபத்து சிறியது. ஆனால் பயனில்லாத ஸ்கேனுக்காக அந்தச் சிறிய ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும்? 2009இல் வட அமெரிக்காவில் 42,412 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு, எந்தக் குழந்தைக்கு முதல் ஸ்கேனே இல்லாமல் கவனித்து அனுப்பலாம் என்று கண்டறிய வழிகாட்டியது. தொட்டிலிலிருந்து விழுந்த பிள்ளைக்கு "ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்பதற்கு முன், அவர் சில மணி நேரம் இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றால், அதுவும் சிகிச்சைதான் என்று எண்ணுங்கள்.

வீணாகும் ஸ்கேன்

மூளையில் மாற்றம் எதுவும் இல்லாமலே இரண்டாவது ஸ்கேன் எடுக்க நேர்வது ஒன்று உண்டு. முதலில் போன மருத்துவமனையில் எடுத்த படம் கையில் இல்லாததே அதற்குக் காரணம். ஊர் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, மூளை அறுவை நிபுணர் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆம்புலன்ஸ் அவசரத்தில் ரிப்போர்ட் தாள் மட்டும் வரும்; படம் வராது. அறுவை நிபுணருக்குத் தாளில் எழுதியிருப்பது போதாது, படத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் மறுபடி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பணமும் போகும், அதைவிட முக்கியமான நேரமும் போகும்.

ஆகவே எந்த மருத்துவமனையிலிருந்து கிளம்பினாலும் ஃபிலிமையும் சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். தட்டு தயாராக நேரமாகும் என்றால் ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்காதீர்கள். நோயாளி கிளம்பட்டும், குடும்பத்தில் ஒருவர் பின்னால் இருந்து வாங்கி வரட்டும். ஸ்கேன் எடுத்த நேரமும் அதில் இருக்க வேண்டும். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் கசிவு வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்று சொல்ல முடியும். முதல் படம் இல்லாமல் எடுக்கும் இரண்டாவது படத்துக்குப் பாதி மதிப்புதான்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

மறு ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் மரியாதையாக மூன்று கேள்வி கேட்கலாம். எந்த டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

1. நோயாளியின் நிலையில் மாற்றம் தெரிந்ததால் எடுக்கிறீர்களா, வழக்கமான சோதனையா?
2. இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை எப்படி மாறும்?
3. வழக்கமான சோதனை என்றால், எடுக்காமல் இன்னும் சில மணி நேரம் கவனிப்பது பாதுகாப்பா?

முதல் கேள்விக்கு "ஆமாம், நிலை மாறியிருக்கிறது" என்று பதில் வந்தால் மற்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஸ்கேன் அறைக்குப் போகட்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க, தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது பொருந்தும். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. தலைக்காயத்தில் மிக ஆபத்தான நேரமும் பெரும்பாலும் இந்த 48 மணி நேரத்துக்குள்தான் வருகிறது. மருத்துவமனையில் சேர்த்த உடனே காப்பீட்டுத் திட்ட உதவி மேசையில் விசாரியுங்கள். பில் கட்டிய பிறகு மனு எழுதுவதைவிட அது எளிது.

விபத்து நடந்தால் 108ஐ அழையுங்கள். பைக்கில் போகும் பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டைக் கையில் கொடுத்து, கன்னப்பட்டியை மாட்டியபின் அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பியவரை முதல் இரண்டு மூன்று நாள் தனியாக விடாதீர்கள். மேலே சொன்ன அறிகுறிகளை எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவற்றில் ஒன்றைக் கண்டால் விடியட்டும் என்று இருந்துவிடாமல், ஃபிலிமை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.